சார்பியல் கோட்பாடு நாளையை முன்பே எழுதி வைத்துவிட்டதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கி முதலில் வைத்துக்கொள்கிறேன். "முக்காலமும் ஒன்றாகவே இருக்கின்றன என்று ஐன்ஸ்டைன் நிரூபித்துவிட்டதாக ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியானால் நாளை நான் எடுக்கப்போகும் முடிவு முன்பே எழுதப்பட்டுவிட்டதா? பிறகு முயற்சி எதற்கு? எழுதியதை யாராவது முன்கூட்டியே படித்துவிட முடியுமா?" இதற்குள் நான்கு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எதிர்காலம் இருக்கிறதா? இருந்தால், இன்றைய நிலையே அதைத் தீர்மானித்துவிட்டதா? அப்படித் தீர்மானமாகியிருந்தால், வேறு விதமாக நடக்க வழியே இல்லையா? அதை முன்னரே அறிய முடியுமா? முதல் கேள்விக்கு "ஆம்" என்றவுடன் மற்ற மூன்றுக்கும் "ஆம்" வந்துவிடும் என்பதுபோலப் பேசுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய குழப்பம். என் பதில் இது: பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவான ஒரே "இப்போது" என்பதைச் சார்பியல் எடுத்துவிட்டது. எதிர்காலம் முன்பே இருக்கிறது என்று சொல்ல அது மட்டும் போதாது, கூடவே ஒரு தத்துவ அனுமானமும் வேண்டும். அந்த அனுமானத்தை ஏற்றுக்கொண்டாலும், விதி என்று நாம் பயப்படுவது அதிலிருந்து வராது.

உறுதியாகத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்கலாம். 1905-இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சிறப்புச் சார்பியல், நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்கிறது. சோதித்துப் பார்த்த விஷயம் இது. காற்றுமண்டலத்தில் ஏறத்தாழ 15 கி.மீ. உயரத்தில் பிறக்கும் மியூயான் துகளின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளியின் வேகத்தில் போனாலும் அந்த நேரத்தில் 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஆனாலும் ஏராளமான மியூயான்கள் தரைக்கு வந்து சேர்கின்றன, ஏனென்றால் நம் கணக்கில் அவற்றின் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. 1971-இல் ஹாஃபலேயும் கீட்டிங்கும் அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். கிழக்கே போனவை தரையிலிருந்த கடிகாரத்தைவிட 59 நானோ விநாடி பின்தங்கின, மேற்கே போனவை 273 நானோ விநாடி முந்தின. வேகம், ஈர்ப்பு இரண்டின் விளைவும் இதில் சேர்ந்திருக்கிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் கடிகாரங்கள் ஒரு நாளைக்கு 38 மைக்ரோ விநாடி முந்திப் போகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுத் திருத்தித்தான் உங்கள் கைபேசி வழி காட்டுகிறது. இதுவரை சந்தேகத்துக்கு இடமில்லை.

உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அடுத்த விஷயம்: உடனிகழ்வு. தொலைவில் உள்ள இரண்டு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடந்தனவா என்பதற்கு, ஒன்றைப் பொறுத்து ஒன்று நகரும் இருவர் வெவ்வேறு பதில் சொல்வார்கள், இருவர் கணக்கும் சரியாகவே இருக்கும். எவ்வளவு வேறுபாடு என்பதை நீங்களே கணக்கிடலாம். நடக்கும் வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்து, தொலைவை ஒளியாண்டில் எடுத்து அதனால் பெருக்கினால் விடை ஆண்டுகளில் வரும். மணிக்கு 5 கி.மீ. நடப்பவரின் வேகம் விநாடிக்கு 1.39 மீட்டர். அதை 29,97,92,458-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 100 கோடியில் 4.6 பங்கு. ஆன்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பெருக்கினால் 0.0116 ஆண்டு, அதாவது நாலேகால் நாள். தெருவில் நிற்கும் ஒருவரை உரசிக்கொண்டு ஆன்ட்ரோமீடா இருக்கும் திசையில் மற்றொருவர் நடந்துபோகிறார் என்றால், அந்தச் சந்திப்பின்போது "ஆன்ட்ரோமீடாவில் இப்போது" என்று நடப்பவர் கணக்கிடுவது, நிற்பவர் கணக்கிடுவதைவிட நாலேகால் நாள் பிந்தியது. இதே நடை நிலாவைப் பொறுத்தவரை 6 நானோ விநாடி வேறுபாட்டைத்தான் தரும். பூமிக்குள் அதுவும் இல்லை. நம் அன்றாட வாழ்வில் உலகம் முழுவதற்கும் ஒரே "இப்போது" இருப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் இந்த எண்கள் இவ்வளவு சிறியவையாக இருப்பதுதான்.

இங்கேயே ஒரு தவறு நடக்கிறது. நடப்பவர் ஆன்ட்ரோமீடாவின் நாலு நாள் எதிர்காலத்தைப் "பார்க்கிறார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. அந்தக் கணத்தில் இருவர் கண்ணிலும் விழுவது 25 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒரே ஒளிதான். தொலைவில் உள்ள நிகழ்வுக்கு நேரம் குறிப்பது எப்படி என்று பார்த்தால் இது தெளிவாகும். ஒளிச் சைகை ஒன்றை அனுப்ப வேண்டும், அது அங்கே பட்டுத் திரும்ப வேண்டும், போன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் நட்டநடுவை அந்த நிகழ்வின் நேரமாகக் குறிக்க வேண்டும். ஆன்ட்ரோமீடாவுக்குச் சைகை போய்த் திரும்ப 50 லட்சம் ஆண்டு ஆகும். ஆகவே "அங்கே இப்போது" என்பதை இப்போது யாராலும் அறிய முடியாது, பின்னாளில் கணக்குப் போட்டு எழுதிக்கொள்ளத்தான் முடியும். போகும்போதும் வரும்போதும் ஒளி ஒரே வேகத்தில் போனது என்பதையும் அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. ஒருவழி வேகத்தைத் தனியாக அளக்க வேண்டுமானால் இரு முனையிலும் ஒத்திசைந்த கடிகாரம் தேவை, கடிகாரங்களை ஒத்திசைக்க ஒருவழி வேகம் தேவை. நடுப்புள்ளி என்பது இயற்கையின் உண்மையா, வசதிக்காக நாம் செய்த ஏற்பாடா என்று அறிவியல் தத்துவவாதி ரைக்கன்பாக் காலத்திலிருந்தே வாதம் நடக்கிறது. ஒளியின் காரணத் தொடர்பு, பார்ப்பவரின் பாதை ஆகிய இரண்டிலிருந்து இயல்பாகக் கிடைக்கும் ஒரே தேர்வு நடுப்புள்ளிதான் என்று 1977-இல் டேவிட் மாலமென்ட் ஒரு தேற்றம் நிறுவினார். வாதம் அதோடு முடிந்துவிடவில்லை. ஆனால் "இப்போது" என்ற ஒரு சொல்லின்மீது ஒரு பிரபஞ்சச் சித்திரத்தையே கட்டும்முன் அந்தச் சொல் எவ்வளவு மெலிந்த அடித்தளத்தில் நிற்கிறது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு உறுதியான விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், காணொளிகள் பெரும்பாலும் இதை விட்டுவிடுகின்றன. பார்ப்பவரைப் பொறுத்து முன்பின் மாறுவது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒளிகூடப் போய்ச் சேர முடியாத இரண்டு நிகழ்வுகளுக்கு மட்டும்தான். ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாக இருக்க முடியும் என்றால், அவற்றின் வரிசை எல்லாருக்கும் ஒன்றே. நீங்கள் விண்ணப்பம் போட்டதும் வேலை கிடைத்ததும் எந்த வேகத்தில் எந்தத் திசையில் போகிறவருக்கும் அதே வரிசையில்தான் இருக்கும். உங்கள் சொந்த நேற்றையும் நாளையையும் யாரும் இடம் மாற்ற முடியாது.

இனி, "எதிர்காலம் முன்பே இருக்கிறது" என்ற வாதம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். 1908-இல் கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி வெளியையும் காலத்தையும் சேர்த்து நான்கு பரிமாணக் காலவெளியாக வரைந்து காட்டினார். அந்த வரைபடத்தில் எல்லா நிகழ்வுகளும் ஒருசேரக் கிடக்கின்றன, நகரும் "இப்போது" என்ற கோடு அதில் இல்லை. இதையே உலகத்தின் உண்மை வடிவமாக எடுத்துக்கொள்வதைத்தான் பாளப் பிரபஞ்சம் என்கிறார்கள். வரைபடம் மட்டும் நிரூபணமாகாது. ஒரு நூற்றாண்டின் வரலாற்றை ஒரே தாளில் வரைந்துவிடுவதால் அந்த நூறு ஆண்டுகளும் ஒருசேர இருக்கின்றன என்று ஆகிவிடாது அல்லவா? ஆகவே வாதம் வேண்டும். அதை ரீட்டெய்க் 1966-இலும், ஹிலாரி புட்னம் 1967-இலும் தனித்தனியாக முன்வைத்தார்கள்.

அந்த வாதத்தின் படிகள் இவை. இப்போது இங்கே இருக்கும் நான் உண்மை. என்னோடு ஒரே நேரத்தில் இருப்பதும் உண்மை, எவ்வளவு தொலைவானாலும் சரி. எனக்கு உண்மையானவருக்கு எது உண்மையோ அது எனக்கும் உண்மை, ஏனென்றால் யாருடைய பார்வைக்கும் தனிச் சலுகை இல்லை. இப்போது ஆன்ட்ரோமீடாவில் ஒருவர் பூமியின் திசையில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பதாகக் கொள்ளுங்கள். என் கணக்கில் அவர் இப்போது இருக்கிறார், எனவே உண்மை. அவர் கணக்கில் "பூமியில் இப்போது" என்பது எனக்கு நாலேகால் நாள் கழித்து வரப்போவது. அது அவருக்கு உண்மை, ஆகவே எனக்கும் உண்மை. நடப்பவருக்குப் பதில் வேகமாகப் போகிறவரையோ இன்னும் தொலைவில் இருப்பவரையோ வைத்தால் எவ்வளவு தூரத்து எதிர்காலத்தையும் இப்படியே இழுத்துக்கொள்ளலாம். அழகான வாதம்தான். முதன்முறை படிக்கும் யாரையும் உலுக்கிவிடும்.

முறிவு மூன்றாவது படியில் இருக்கிறது. "உடனிகழ்வு" என்பதைச் சார்பியல் எப்போதும் ஒரு சட்டகத்தோடு சேர்த்தே சொல்கிறது: இவருடைய நகர்வைப் பொறுத்து உடனிகழ்வு, அவருடைய நகர்வைப் பொறுத்து உடனிகழ்வு. மேலே உள்ள சங்கிலி முதல் கண்ணியில் என் சட்டகத்தையும் இரண்டாவது கண்ணியில் அவர் சட்டகத்தையும் பயன்படுத்திவிட்டு, இடையில் மாற்றியதைச் சொல்லாமல் இரண்டையும் கோக்கிறது. அப்படிக் கோக்க அனுமதி தருவது இயற்பியல் அல்ல, உண்மை என்பது எல்லாருக்கும் பொதுவாக இருந்தாக வேண்டும் என்ற தத்துவக் கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான், ஆனால் அது வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. 1968-இல் ஹவர்ட் ஸ்டெய்ன் இன்னும் கூர்மையான பதில் கொடுத்தார். கண்ணி விட்டுக் கண்ணி தொடரக்கூடியதும், யார் பார்த்தாலும் மாறாததுமான ஓர் உறவு காலவெளியில் இருக்கவே இருக்கிறது: ஒரு நிகழ்வின் கடந்தகால ஒளிக்கூம்பு, அதாவது அந்த இடத்துக்கு அந்த நேரத்துக்குள் ஒளியால் வந்து எட்டக்கூடிய எல்லா நிகழ்வுகளும். "இங்கே, இப்போது என்ற நிலையிலிருந்து பார்த்தால், நடந்து முடிந்துவிட்டவை இவை, மற்றவை இன்னும் திறந்திருப்பவை" என்று அந்தக் கூம்பை வைத்து முரண்பாடில்லாமல் சொல்ல முடியும். ஆக, எதிர்காலம் திறந்திருக்கிறது என்பது சார்பியலோடு ஒத்துப்போகாது என்ற முடிவு வாதத்தின் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது.

இதற்கு விலை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டெய்னின் வழியில் போனால் முடிந்துபோனது, முடியாதது என்பவை ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக வருகின்றன. "இப்போது" ஒற்றைப் புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அக்கா இந்தக் கணத்தில் என்ன செய்கிறார் என்பதுகூடக் கறாராகப் பேசினால் உங்கள் நிகழ்காலத்தில் சேராது. இப்போது நடப்பது மட்டுமே உண்மை என்று நாம் இயல்பாக நம்பும் நிகழ்காலவாதம் அந்த எளிய வடிவில் பிழைக்காது. இதை உறுதியாகவே சொல்லலாம்.

நிகழ்காலவாதத்தை எப்படியாவது காப்பாற்ற விரும்புகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று இயற்பியலாளர் லாரன்ட்ஸ் காட்டியது: உண்மையான ஒரு "இப்போது" இருக்கிறது, ஆனால் எந்தக் கருவியாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாதபடி இயற்கை அமைந்திருக்கிறது என்பது. எந்தச் சோதனையும் இதைப் பொய்யாக்காது. கண்டே பிடிக்க முடியாத ஒன்றைக் கோட்பாட்டுக்குள் வைத்திருப்பதுதான் உறுத்தல். 1964-இல் ஜான் பெல் நிறுவிய தேற்றமும் அதைத் தொடர்ந்த குவாண்டம் சோதனைகளும் தொலைவில் பிரிந்திருக்கும் துகள்களின் அளவீடுகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருப்பதைக் காட்டுவதால், மறைந்திருக்கும் அப்படி ஒரு சட்டகம் வேண்டியிருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். அந்தச் சோதனைகள் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டாவது வழி அண்டவியலில் இருக்கிறது. பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு என்று சொல்கிறோமே, அது யாருடைய கடிகாரத்தில்? விரியும் பிரபஞ்சத்தோடு சேர்ந்தே போகும் ஒரு கற்பனைக் கடிகாரத்தில். அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு, அதாவது பிரபஞ்சத்தின் தொடக்க காலத்திலிருந்து எஞ்சிய ஒளி, எல்லாத் திசையிலும் சமமாகத் தெரியும் சட்டகம் அது. சூரியன் அதைப் பொறுத்து விநாடிக்கு ஏறத்தாழ 370 கி.மீ. வேகத்தில் போகிறது. இதுதான் அந்தப் பொதுவான "இப்போது" என்று சிலர் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த அண்டக் காலம் பொருள் சராசரியாகச் சீராகப் பரவியிருப்பதால் கிடைப்பது, விதிகளில் எழுதப்பட்டதல்ல. 1949-இல் கணிதவியலாளர் குர்ட் கேடல், ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியலின் சமன்பாடுகளுக்கு ஒரு தீர்வு கண்டார், அதில் முழுப் பிரபஞ்சமும் சுழல்கிறது, அதை ஒரே நேரம் என்ற அடுக்குகளாக வெட்டவே முடியாது. நம் பிரபஞ்சம் அப்படி இல்லை. இருந்தாலும் காலம் ஓடுகிறதா இல்லையா என்பது பொருள் எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்ற தற்செயலைப் பொறுத்திருக்க முடியுமா என்று கேடல் கேட்ட கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

என்னைக் கேட்டால், முக்காலமும் உண்மை என்ற பக்கம் கொஞ்சம் கூடுதல் பலத்தோடு நிற்கிறது என்பேன். அது நிரூபணமானதால் அல்ல, மற்றவை எல்லாம் சார்பியலின் வடிவத்தோடு மேலதிகமாக எதையாவது ஒட்டவைக்க வேண்டியிருப்பதால். இதோடு உங்கள் முதல் கேள்வி முடிகிறது. உங்களை உறங்கவிடாமல் செய்வது மற்றவைதான் என்று நினைக்கிறேன்.

இருப்பது வேறு, தீர்மானிக்கப்படுவது வேறு. முன்நிர்ணயம் என்றால் ஒரு கணத்தின் முழு நிலையும் இயற்கை விதிகளும் சேர்ந்து மற்றக் கணங்களை ஒரே விதமாக நிர்ணயிக்கின்றன என்று பொருள். அது கணங்களுக்கு இடையிலுள்ள உறவு. பாளம் என்பதோ எந்தக் கணங்கள் உண்மை என்பதைப் பற்றியது. ரேடியம்-226-இன் அரை ஆயுள் 1600 ஆண்டு. அதன் ஓர் அணு வரும் செவ்வாய்க்கிழமை பிற்பகல் சிதையும் என்று வைத்துக்கொள்வோம். பாளப் பிரபஞ்சத்தில் அந்தச் சிதைவு அதன் இடத்தில் இருக்கிறது. ஆனால் குவாண்டம் இயற்பியலின் வழக்கமான வாசிப்பில், திங்கள்கிழமை உலகில் உள்ள எதுவும் அதைச் செவ்வாய்க்கிழமைக்கென்று நிர்ணயிக்கவில்லை. பாளம் இருக்கிறது, முன்நிர்ணயம் இல்லை. மறுபுறம் 1814-இல் லப்லாஸ் வரைந்த உலகத்தை எடுங்கள்: இந்தக் கணத்தின் எல்லாத் துகள்களையும் விசைகளையும் அறிந்த பேரறிவுக்கு எதிர்காலம் முழுவதும் கணக்கில் வந்துவிடும். அங்கே எதிர்காலம் இருக்க வேண்டிய தேவையே இல்லை. நிகழ்காலம் மட்டும் இருந்தாலும் அது அடுத்ததை இரும்புப்பிடியாக நிர்ணயித்துவிடும். நான்கு சேர்க்கைகளும் தர்க்கத்துக்குப் பொருந்துபவை. எனவே "பாளம் உண்மை, ஆகவே எல்லாம் முன்பே தீர்மானமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், நடுவில் ஒரு படி காணாமல் போயிருக்கிறது என்று பொருள்.

இந்த இரண்டையும் சேர்த்தே கற்பித்த மரபு ஒன்று தமிழ் மண்ணில் இருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆசீவகர்கள் எல்லாம் நியதிப்படியே நடக்கும் என்றார்கள். அவர்களுடைய சொந்த நூல்கள் கிடைக்கவில்லை. மணிமேகலையும் நீலகேசியும் அவர்கள் கொள்கையை அறிய நமக்குள்ள முக்கியமான சான்றுகள், இரண்டுமே எதிர்த்தரப்பின் குரல்கள். நீலகேசியின் ஆசீவகவாதச் சருக்கத்தில் எதுவும் உண்மையில் அசைவதோ மாறுவதோ இல்லை என்ற கருத்தும் வருகிறது. அசையாத நிலைபேறும் நியதியும் ஒரே கூட்டத்தாரிடம் இருந்ததால் ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று எண்ணத் தோன்றும். அவற்றைத் தனித்தனியாக வாதிட்டு நிறுவ வேண்டியிருக்கும் என்பதே சரி.

அடுத்தது விதி. "நாளை நான் ராஜினாமா செய்வேன் என்பது இன்றே உண்மையானால், நான் ராஜினாமா செய்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை." கடற்போர் நாளை நடக்குமா நடக்காதா என்ற உதாரணத்தை வைத்து அரிஸ்டாட்டில் போராடிய அதே சிக்கல் இது. எதிர்காலம் பற்றிய வாக்கியங்கள் இன்று உண்மையும் அல்ல பொய்யும் அல்ல என்று சொல்லி அவர் தப்பித்ததாகப் பலர் வாசிக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. "கட்டாயம்" என்ற சொல் வாக்கியத்தில் எங்கே உட்கார்கிறது என்று பாருங்கள். "நாளை ராஜினாமா செய்வேன் என்பது உண்மையானால் செய்வேன்" என்ற முழு வாக்கியமும் கட்டாய உண்மை, ஏனென்றால் அது சொன்னதையே திரும்பச் சொல்கிறது. அதிலிருந்து "நான் கட்டாயமாகச் செய்வேன்" என்பது வராது. கட்டாயம் முழு வாக்கியத்துக்கும் உரியது, பின்பாதிக்கு மட்டும் உரியதல்ல. சோதித்துப் பார்க்கக் கடந்தகாலத்தை எடுங்கள். நேற்று நீங்கள் காப்பி குடித்தீர்கள். அது இனி மாறாத உண்மை. அதனால் நேற்று தேநீர் குடிக்க உங்களால் முடியாமல் போயிற்றா? முடிந்திருக்கும், குடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு நிகழ்வு காலவெளியில் தன் இடத்தில் இருப்பது, அது வேறு விதமாக இருந்திருக்க முடியாது என்று காட்டாது. நேற்றுக்குப் பொருந்தும் இதே நியாயம் நாளைக்கும் பொருந்தும்.

முயற்சி பற்றிய உங்கள் கவலைக்கு ஸ்டோயிக் என்ற கிரேக்கத் தத்துவ மரபின் கிறைசிப்பஸ், கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே பதில் சொல்லிவிட்டார். எதிர்த்தரப்பு வாதம் இது: நோய் குணமாகும் என்று விதித்திருந்தால் மருத்துவரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் குணமாகும், ஆகாது என்று விதித்திருந்தால் எப்படியும் ஆகாது, ஆகவே அழைப்பது வீண். கிறைசிப்பஸ் சொன்னது, குணமாவது எழுதப்பட்டிருந்தால் மருத்துவரை அழைப்பதும் அதோடு சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது என்று. பாளப் பிரபஞ்சத்தில் இது இன்னும் தெளிவு. நாளைய தேர்ச்சி அங்கே இருக்கிறது என்றால், இன்றைய படிப்பும் இங்கே இருப்பதால்தான் அது இருக்கிறது. படிப்பை எடுத்துவிட்டுத் தேர்ச்சியை மட்டும் தனியே வைத்திருக்கும் பாளம் எதுவும் இல்லை. "நான் என்ன செய்தாலும் அதேதான் நடக்கும்" என்பது விதிவாதத்தின் வாக்கியம், அது பாளத்தில் பொய். வேறு ஒன்றைச் செய்திருந்தால் வேறு ஒன்று நடந்திருக்கும், பாளமே வேறாக இருந்திருக்கும். முன்நிர்ணயமும் உண்மையாக இருந்தால் "வேறு ஒன்றைச் செய்திருக்க என்னால் முடியுமா" என்ற கேள்வி மேலும் கடினமாகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. என் விருப்பங்களும் யோசனைகளும் வழியாகச் செயல் வந்தால் போதும், அதுவே சுதந்திரம் என்று ஒரு தரப்பு. அந்த விருப்பங்களே முன்பு நிர்ணயமானவை என்றால் போதாது என்று மறுதரப்பு. இதில் தீர்ப்பு வரவில்லை. ஆனால் அந்தத் தகராறு காலத்தைப் பற்றியது அல்ல, காரணத்தைப் பற்றியது.

"வேறு விதமாக இருந்திருக்க முடியும்" என்பதை விளக்க வந்த இரண்டு கோட்பாடுகளைக் காணொளிகள் அடிக்கடி ஒன்றாகக் கலக்கின்றன. 1957-இல் ஹ்யூ எவரெட் முன்வைத்தது குவாண்டம் இயற்பியலுக்கான ஒரு விளக்கம்: அளவீட்டில் எல்லா விளைவுகளும் தனித்தனிக் கிளைகளில் நடக்கின்றன, எல்லாக் கிளைக்கும் ஒரே விதிகள், ஒரே தொடக்கம். 1986-இல் டேவிட் லூயிஸ் விரிவாக வாதிட்ட சாத்திய உலகங்கள் நம்மோடு வெளியாலோ காலத்தாலோ தொடர்பே இல்லாதவை, விதிகள்கூட வேறாக இருக்கலாம். அவர் வந்தடைந்த வழி தர்க்கம், இயற்பியல் அல்ல. பெரும்பாலான தத்துவவாதிகள் சாத்திய உலகங்களைப் பேசுவதற்கான கருவியாகப் பயன்படுத்துகிறார்கள், நிஜ இடங்களாக ஏற்பதில்லை. உங்கள் கேள்விக்கு இரண்டும் தேவைப்படாது.

பாளத்தின் தரப்புக்கு உண்மையிலேயே வலிக்கிற இடம் ஒன்று உண்டு. காலம் ஓடுவதாக நமக்கு ஏன் தோன்றுகிறது? 1908-இல் தத்துவவாதி மெக்டகார்ட் இரண்டு வரிசைகளைப் பிரித்துக் காட்டினார். முன்–பின் என்ற வரிசை மாறாது. கடந்தது, நிகழ்வது, வருவது என்ற வரிசை மாறிக்கொண்டே இருக்கும். பாளத்தில் முதல் வரிசை மட்டும்தான் உண்டு. "இப்போது" என்பது "இங்கே" போலச் சொல்பவரின் இடத்தைக் காட்டும் சொல் மட்டுமே என்று அந்தத் தரப்பு விளக்கும். 1959-இல் ஆர்தர் பிரையர் இதற்கு எழுப்பிய மறுப்பு இன்றும் கூர் மழுங்கவில்லை. பல்வலி தீர்ந்ததும் "அப்பாடா, முடிந்தது" என்கிறோம். எதற்காக நிம்மதி? வலி 15-ஆம் தேதி முடிகிறது என்ற உண்மைக்காகவா? அது 14-ஆம் தேதியும் உண்மைதான், அன்று நிம்மதி வரவில்லையே. நாம் கடந்ததை மட்டும் நினைவுகூர்கிறோம், வருவதை அல்ல என்பதற்குப் பாளவாதிகளிடம் நல்ல விளக்கம் இருக்கிறது: பிரபஞ்சம் மிகக் குறைந்த என்ட்ரோபியில் (ஒழுங்கின்மையின் அளவில்) தொடங்கியதால் பதிவுகள் ஒரு திசையில்தான் உருவாகின்றன. ஆனால் அது காலத்தின் திசையை விளக்குகிறது, ஓட்டத்தின் உணர்வை முழுதாக விளக்கியதாக எனக்குத் தோன்றவில்லை. ஐன்ஸ்டைனே இதில் நிம்மதியாக இருந்தவர் அல்ல. முக்கால வேறுபாடு பிடிவாதமான மாயை என்று அவர் எழுதியதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது 1955 மார்ச்சில் நண்பர் பெஸ்ஸோ இறந்தபோது அவர் குடும்பத்துக்கு எழுதிய ஆறுதல் கடிதம், ஆய்வுக் கட்டுரை அல்ல. மறுபுறம், "இப்போது" என்ற பிரச்சினை தன்னை ஆழமாக உறுத்துவதாகவும், மனிதருக்கு முக்கியமான அந்த அனுபவத்தை இயற்பியலால் பிடிக்க முடியவில்லை என்றும் அவர் தன்னிடம் சொன்னதாகத் தத்துவவாதி கார்னப் பதிவு செய்திருக்கிறார். காணொளிகள் முதலாவதை மட்டும் காட்டுவது அவருக்கும் நியாயம் செய்யாது.

கடைசியாக, எழுதியதை யாராவது முன்கூட்டியே படிக்க முடியுமா? இதற்கு மட்டும் சார்பியல் நேரடியாகவே பதில் தருகிறது, பதில் "முடியாது". இயற்கை முழுக்க முன்நிர்ணயமானது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 24 மணி நேரத்தில் உங்களுக்கு என்ன நடக்கும் என்பதை ஐயமறக் கணிக்க, அந்த நேரத்துக்குள் உங்களை எட்டக்கூடிய ஒவ்வொன்றின் இன்றைய நிலையும் தெரிந்திருக்க வேண்டும். அதாவது எல்லாத் திசையிலும் 24 ஒளி மணி தூரம், ஏறத்தாழ 2590 கோடி கி.மீ. வரை உள்ள அனைத்தும். 1977-இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் இத்தனை பத்தாண்டுகளில் போய்ச் சேர்ந்திருக்கும் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த எல்லையில் இப்போது இருப்பதைப் பற்றிய செய்தி ஒளியின் வேகத்தில் கிளம்பினாலும் உங்களை வந்தடைய 24 மணி நேரம் ஆகும். கணிப்புக்கு வேண்டிய கடைசித் தகவல் கையில் கிடைப்பது, எதைக் கணிக்க வேண்டுமோ அது நடந்து முடியும் அதே கணத்தில். வானிலையையோ கிரகணத்தையோ நாம் முன்கூட்டிச் சொல்வது, தொலைவிலிருந்து எதிர்பாராத எதுவும் வந்து குறுக்கிடாது என்று எடுத்துக்கொண்டுதான்.